தோள்பட்டை அடிக்கடி இறங்குகிறது: எந்த அறுவை, எப்போது மறுபடி களம்?

வில்லிவாக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கும் கேள்வி இது: "என் தம்பிக்கு 22 வயது. கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறான். இரண்டு வருடத்தில் வலது தோள்பட்டை ஐந்து முறை இறங்கிவிட்டது. கடைசியாகத் தூக்கத்தில் புரண்டு படுத்தபோதே இறங்கியது. ஒரு டாக்டர் சாவித்துளை அறுவை போதும் என்கிறார். இன்னொருவர் எலும்பை எடுத்து வைக்க வேண்டும் என்கிறார். புத்தூர் கட்டுப் போட்டாலே சரியாகிவிடும் என்கிறார் பாட்டி. யார் சொல்வதைக் கேட்பது? மறுபடி ஆட முடியுமா?"

தூக்கத்தில் புரண்டபோது இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. களத்தில் நாலு பேர் சேர்ந்து இழுக்கும்போது இறங்கினால் இழுப்பின் வேகத்தைக் காரணம் சொல்லலாம். படுக்கையில் யாரும் இழுக்கவில்லை. பெரிய விசை எதுவும் இல்லாமலே மூட்டு நழுவுகிறது என்றால், உள்ளே சவ்வு கிழிந்திருப்பதோடு எலும்பும் குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வதற்கும் காரணம் அநேகமாக இதில்தான் இருக்கும். நான் அறுவை செய்பவன் அல்ல. அறுவை முடிந்து வருகிறவர்களின் கையைப் பழக்கி அனுப்பும் இயன்முறை மருத்துவன். என் பதிலில் அந்தச் சாய்வு இருக்கும்.

இடுப்பு மூட்டில் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அந்த வசதி கிடையாது. ஓர் அகல் விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோல, ஆழமில்லாத சிறு கிண்ணம், அதன் மேல் பெரிய பந்து. எந்த நேரத்திலும் பந்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிண்ணத்தைத் தொடுவதில்லை. கையை எல்லாத் திசையிலும் வீச முடிவது இதனால்தான்; நழுவுவதும் இதனால்தான். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லாப்ரம் என்ற நார்க்குருத்தெலும்பு வளையம் ஓடுகிறது. அதோடு ஒட்டிய உறையும் தசைநார்களும் பந்தை வெளியே போகவிடாமல் பிடிக்கின்றன. இவற்றுக்கு மேலே ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளின் பிடி. தோள் நழுவல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முன்பக்கமாகத்தான் நடக்கின்றன. கை பக்கவாட்டில் உயர்ந்து, வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்போது அடி விழுந்தால் போதும். கபடியில் பாடிப் போனவர் பிடிபட்ட பிறகும் நடுக்கோட்டைத் தொட ஒரு கையை எட்டி நீட்டுவார். பிடித்தவர்கள் உடலைப் பின்னால் இழுப்பார்கள். தோளுக்கு அதைவிட ஆபத்தான நிலை விளையாட்டில் அதிகம் இல்லை.

பந்து முன்னால் நழுவும்போது லாப்ரம் விளிம்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. லண்டனைச் சேர்ந்த பாங்கார்ட் என்ற அறுவை மருத்துவர் 1923-இல் இதை எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் அந்தக் காயத்தைச் சொல்கிறோம். வெளியே வந்த பந்தின் பின்பக்கம் கிண்ணத்தின் கூரான விளிம்பில் இடித்து ஒரு பள்ளம் விழுகிறது. ஹில், சாக்ஸ் என்ற இரண்டு எக்ஸ்ரே மருத்துவர்கள் 1940-இல் விவரித்ததால் அது ஹில்-சாக்ஸ் பள்ளம். முதல் தடவையோடு நின்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். ஐந்து தடவை இறங்கிய தோளில் ஒவ்வொரு முறையும் அகலின் முன்விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துகொண்டே வரும். பின்னால் பள்ளமும் பெரிதாகும். ஒரு கட்டத்தில் பள்ளம் விளிம்பில் மாட்டிக்கொண்டு பந்தைத் தானே நெம்பி வெளியே தள்ளும். தூக்கத்தில் இறங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பாட்டி சொல்வதற்கு வருகிறேன். சென்னையில் எந்தப் பெரிய சாலையில் போனாலும் புத்தூர் கட்டுப் பலகை ஒன்று கண்ணில் படும். அவர்களில் கைப்பழக்கம் உள்ளவர்கள் இறங்கிய தோளை ஏற்றிவிடுவதும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஏற்றுவது வேறு, பிய்ந்த லாப்ரத்தைப் பழைய இடத்தில் ஒட்டவைப்பது வேறு. அது எலும்பின் கழுத்துப் பக்கமாகச் சரிந்து அங்கேயே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. வெளியே எத்தனை சுற்றுச் சுற்றிக் கட்டினாலும் உள்ளே அது நகராது. வாரக்கணக்கில் கையை உடலோடு சேர்த்துக் கட்டிவைப்பதால் மறுபடி இறங்குவது குறைகிறதா என்று ஸ்வீடனில் முதல் முறை தோள் இறங்கியவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கட்டியவர்களுக்கும் வலி தணிந்ததும் அவிழ்த்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் இழுப்பதில் இன்னோர் ஆபத்து: எலும்பும் சேர்ந்து உடைந்திருந்தால் இழுப்பே உடைவைப் பெரிதாக்கிவிடும். அறுவைக்கு முன் இன்னொரு முறை இறங்கினால், களத்தில் நண்பர்கள் யாரும் இழுக்க வேண்டாம். ஒரு துண்டைக் கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கியபடி மருத்துவமனைக்குப் போகட்டும். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே; தோளின் வெளிப்பக்கத் தோலில் தொடு உணர்வு இருக்கிறதா என்ற சோதனை. அக்குள் நரம்பு அடிபட்டிருந்தால் அந்த இடம் மரத்திருக்கும்.

இனி இரண்டு டாக்டர்கள். எம்.ஆர்.ஐ. கிழிந்த லாப்ரத்தை நன்றாகக் காட்டும். எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவது முப்பரிமாண சி.டி. ஸ்கேன். கணினியில் பந்தை நீக்கிவிட்டுக் கிண்ணத்தை நேருக்கு நேர் பார்ப்பார்கள். அதன் கீழ்ப்பாதி இயல்பில் வட்டமாக இருக்கும் என்பதால், ஒரு முழு வட்டத்தை அதன் மேல் வரைந்து, முன்பக்கம் எத்தனை சதவீதம் காணாமல் போயிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அந்தச் சதவீதம் கையில் இல்லாமல் எந்த அறுவை என்று விவாதிப்பதில் பொருளில்லை. உங்கள் தம்பிக்கு சி.டி. எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லையென்றால் முதல் வேலை அதுதான்.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். பர்க்ஹார்ட், டி பீர் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் சாவித்துளை முறையில் லாப்ரத்தைத் தைக்கும் பாங்கார்ட் அறுவை செய்துகொண்ட 194 பேரைப் பற்றி எழுதினார்கள். எலும்பில் பெரிய குறை இல்லாதவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி நழுவியது. பெரிய குறை இருந்தவர்களில் 67 சதவீதம். உடலோடு உடல் மோதும் விளையாட்டு ஆடியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் கொடியது: 6.5 சதவீதத்துக்கு எதிராக 89. கபடி அந்த வகை விளையாட்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. கிண்ணத்தில் 20 முதல் 25 சதவீதம் போயிருந்தால் லாப்ரத்தை மட்டும் தைப்பது போதாது என்பது நெடுநாளாக இருந்துவரும் எல்லை. இப்போது பலர் 15 சதவீதத்தை நெருங்கும்போதே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் முதல் டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 20-ஐத் தாண்டினால் நான் இரண்டாமவர் பக்கம். நடுவில் வந்தால் பள்ளத்தின் அளவு, வயது, ஆட்டம், மூட்டுகள் பொதுவாகவே தளர்ந்த உடல்வாகா என்பதெல்லாம் கணக்கில் சேரும். 20 வயதுக்குக் கீழ், போட்டி விளையாட்டு, மோதல் ஆட்டம் என்பவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் பட்டியல் ஒன்று 2007-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பத்துக்கு ஆறைத் தாண்டினால் எலும்பு வைக்கும் அறுவையே மேல் என்பது அதன் பரிந்துரை. உங்கள் தம்பிக்கு வயதுக்கான மதிப்பெண் வராது. ஆட்டத்துக்கானது தப்பாமல் வரும்.

சாவித்துளை அறுவையில் தோளில் இரண்டு மூன்று சிறு துளைகள்தான். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். தவறான இடத்தில் ஒட்டியிருக்கும் லாப்ரத்தை முதலில் பெயர்த்து விடுவிப்பார்கள். விளிம்பு எலும்பைச் சுரண்டி ரத்தம் கசியவைத்து, ஆங்கர் எனப்படும், நூல் கோத்த சிறு முளைகளை அதில் இறக்கி, உறையையும் லாப்ரத்தையும் சேர்த்து மேலே இழுத்துக் கட்டுவார்கள். குறைந்தது மூன்று ஆங்கர் வழக்கம். பின்னால் பள்ளம் பெரிதாக இருந்தால், பின்பக்கத் தசைநாரை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே தைத்து மூடும் ரெம்ப்ளிசாஜ் என்ற வேலையையும் சேர்த்துச் செய்வதுண்டு.

மற்றது லாட்டர்ஜே. பிரான்சில் 1954-இல் விவரிக்கப்பட்டது. தோள்பட்டை எலும்பிலிருந்து முன்னால் வளைந்து நீளும் கோரகாய்டு முனையை, அதில் ஒட்டிய தசைநார்களோடு சேர்த்து இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, கிண்ணத்தின் உடைந்த முன்விளிம்பில் வைத்து இரண்டு திருகுகளால் இறுக்குவார்கள். போன எலும்புக்கு ஈடு கிடைக்கிறது. கூடவே வந்த தசைநார்கள், கையைத் தூக்கி வெளியே திருப்பும் ஆபத்தான நிலையில் பந்துக்கு முன்னால் குறுக்கே நின்று தடுக்கின்றன. எனக்கு இந்த அறுவை மேல் மரியாதை உண்டு, பயமும் உண்டு. கையை மடக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பும் அக்குள் நரம்பும் பக்கத்திலேயே ஓடுகின்றன. வைத்த எலும்பு சேராமல் போகலாம், கரையலாம். சற்று வெளியே துருத்திக்கொண்டு பந்தை உரசினால் சில ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வரும். எனவே இதை அடிக்கடி செய்து பழகிய கை வேண்டும். "வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள். நல்ல அறுவை மருத்துவர் அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

மறுபடி நழுவவில்லை என்பதாலேயே கை சரியாகிவிட்டது என்று ஆகாது. இதில் எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு உண்டு. முன்பு புட்டி-பிளாட் என்றோர் அறுவை பரவலாக இருந்தது. முன்பக்கத் தசையைச் சுருக்கித் தைப்பது. தோள் நழுவுவது நின்றது. ஆனால் கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவும் சேர்ந்தே போயிற்று. இறுக்கம் அதிகமானவர்களுக்குப் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வந்தது. அறுவையின் பலனை அளக்க உலகம் முழுக்கப் புழங்கும் ரோவ் மதிப்பெண்ணையும் பாருங்கள். நூற்றில் 50 நழுவாமல் இருப்பதற்கு. அசைவுக்கு 20, செயலுக்கு 30. அசைவில் கால்பங்கு போய், வேலையில் சற்றுச் சிரமம் இருந்தாலும் கூட்டினால் 90 வருகிறது. அதற்குப் பெயர் "மிகச் சிறப்பு". அந்த மிகச் சிறப்பான தோளால் கிரிக்கெட் பந்தை எல்லைக் கோட்டிலிருந்து வீச முடியாது. டாக்டர் வெற்றி என்று சொல்லும்போது எதை வைத்துச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

அசைவை மீட்கும் வேலை அறுவை முடிந்த இரவே தொடங்குகிறது. கழுத்தோரம் போட்ட மரப்பு ஊசியால் கை முழுக்க மரத்துக் கிடக்கும்; அரை நாளுக்கு மேலும் நீடிக்கலாம். "கை போய்விட்டதோ" என்று வீட்டார் பதறுவது அப்போதுதான். பதற வேண்டாம். அந்த மரப்பு விலகுவதற்கு முன்பே வலி மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். விலகிய பிறகு கொடுத்தால் அந்த இரவு யாருக்கும் தூக்கம் இருக்காது. கையைத் தாங்கும் ஸ்லிங் பட்டை மூன்று முதல் ஆறு வாரம் வரை. எத்தனை என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. இல்லாவிட்டால் கை பின்னால் சரிந்து தையலை இழுக்கும்.

சென்னையில் ஸ்லிங்கோடு இருப்பதில் புத்தகத்தில் எழுதாத தொல்லை ஒன்று உண்டு: வியர்வை. மே மாதமாக இருந்தால் நான்கே நாளில் அக்குள் சிவந்து, வெந்து, படையாகிவிடும். அரிப்புத் தாங்காமல் கையைத் தூக்கிச் சொறிந்தே தையலைக் கெடுத்துக்கொள்வார்கள். குளிக்கும்போது ஸ்லிங்கைக் கழற்றி, இடது கையால் சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து முன்னால் குனியச் சொல்லுங்கள். வலது கை தன் எடையில் தானாகவே தொங்கும். கையைத் தூக்காமலே அக்குளுக்குள் கழுவ இடம் கிடைக்கும். நன்றாகத் துடைத்து, பழைய பருத்தி வேட்டித் துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டு ஸ்லிங்கை மாட்டுங்கள். வியர்த்தால் துணியை மாற்றுங்கள். சட்டை போடும்போது அறுவை செய்த கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும். பனியனை மறந்துவிட்டு முன்னால் பொத்தான் வைத்த சட்டையாகப் போடட்டும். சோறு வலது கையாலேயே சாப்பிடலாம். முழங்கையை விலாவை விட்டு எடுக்காமல், தட்டை உயரமாக வைத்துக்கொண்டால் போதும். டாக்டர் அனுமதித்ததும் முன்கையை மேசையில் வைத்து எழுதலாம், தேர்வும் எழுதலாம். வீட்டில் யாராவது எண்ணெய் தேய்த்து உருவிவிட வந்தால், அன்போடு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

முதல் ஆறு வாரத்தில் நான் காவல் காப்பது வெளிப்பக்கத் திருப்பலைத்தான். தைத்த இடம் அந்தத் திசையில்தான் இழுபடும். கையை மேலே உயர்த்துவதை மெதுவாகக் கூட்டுவோம். வெளியே திருப்புவதை ஒரு குறிப்பிட்ட கோணத்தோடு நிறுத்துவோம். ஆறு வாரத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழ்: இனிக் கையைப் பயந்து ஒடுக்கிவைத்தால் இறுகிவிடும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் ரப்பர் பட்டை, சிறு எடை. தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் முதுகுத் தசைகளுக்கும் சேர்த்து. மின்சார ரயிலில் மேலே தொங்கும் பிடியை வலது கையால் பிடிப்பதை மூன்று மாதம் தள்ளிப்போடச் சொல்வேன். ரயில் சட்டென்று நிற்கும்போது தோளுக்கு வரும் இழுப்பு சாதாரணமானதல்ல. பைக்கும் ஏறக்குறைய அதே காலத்துக்குப் பிறகுதான். லாட்டர்ஜேயில் ஸ்லிங் சீக்கிரம் கழன்றுவிடும். ஆனால் எலும்பு சேர்ந்ததா என்று சி.டி.யில் பார்க்காமல் பாரம் ஏற்றமாட்டோம். தம்பி புகைப்பவராக இருந்தால் இப்போதே நிறுத்தட்டும். எலும்பு சேர்வதைப் புகை நேரடியாகக் கெடுக்கிறது.

மூன்றாவது மாதத்தில் ஒரு பொறி காத்திருக்கிறது. வலி இருக்காது, கை முக்கால்வாசி தூக்கும், பையன்கள் சரியாகிவிட்டது என்று பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். தசை பலம் அப்போது பாதிகூடத் திரும்பியிருக்காது. மோதல் ஆட்டத்துக்குக் குறைந்தது ஆறு மாதம். மாதக் கணக்கு மட்டும் போதாது. வெளிப்பக்கம் திருப்பும் பலம் மறுகையின் பலத்தில் 90 சதவீதத்தையாவது தொட வேண்டும். கையைத் தூக்கி வெளியே திருப்பி நான் அழுத்தும்போது அவர் முகம் சுளிக்கக் கூடாது. உள்ளே எல்லாம் உறுதியாக இருந்தும் அந்த நொடியில் பயந்து இழுத்துக்கொள்பவர்கள் உண்டு. பயத்தோடு களமிறங்கினால் கையை ஒடுக்கிக்கொண்டு ஆடி வேறெங்காவது அடிபடுவார்கள். எனவே முதலில் பாயில் விழுந்து உருளப் பழக்குவோம். பிறகு ஒருவர் பிடிக்க, பிறகு சங்கிலிப் பிடி. எட்டித் தொடும் கையை இழுக்கவிடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஆட முடியுமா என்றால், முடியும், பலர் ஆடுகிறார்கள். ஆனால் மோதல் விளையாட்டில் இருப்பவர்களுக்கு அறுவைக்குப் பிறகும் மறுபடி நழுவும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதை மறைத்துச் சொல்வது சரியல்ல. வலிப்பு நோய் இருந்தால் முதலில் அதை மருந்தால் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஒரு வலிப்பு போதும், மொத்த அறுவையும் வீணாகும். இதைப் படிக்கும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு மறுபடி இறங்கும் வாய்ப்பு குறைவு, ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஏற்றி வாரக்கணக்கில் ஆன பிறகும் கை எழும்பவில்லையென்றால் ஸ்கேன் எடுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தனியார் மருத்துவமனையில் ஆங்கர் கூடக் கூட பில்லும் கூடும். எத்தனை, என்ன விலை என்று முன்பே எழுதி வாங்குங்கள். சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகியவற்றின் எலும்பு சிகிச்சைப் பிரிவுகளில் கேட்டுப்பார்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், இந்த அறுவைக்கு அதில் எவ்வளவு அனுமதி என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் விசாரித்துவிட்டுத் தேதி வாங்குங்கள். பயிற்சிக்கு கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வில்லிவாக்கத்திலிருந்து அடிக்கடி அங்கே போய்வருவது சிரமம் என்றால் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இயன்முறை மருத்துவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற இடத்துக்கு எப்போதாவது போவதைவிடப் பக்கத்து இடத்துக்கு ஒழுங்காகப் போவது மேல். அறுவைக் குறிப்பின் நகலை அவரிடம் கொடுங்கள். எத்தனை ஆங்கர், ரெம்ப்ளிசாஜ் உண்டா, எந்தக் கோணம் வரை அனுமதி என்று தெரியாமல் கையைத் தொட எங்களுக்கும் தயக்கமாக இருக்கும்.

தேதி குறிக்கும்போது பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஊர் ஊராகக் கபடிப் போட்டி நடப்பது அப்போதுதான். தம்பியின் மனதும் அங்கேதான் இருக்கும். ஜூன் மாதத்தில் அறுவை முடிந்தால் ஜனவரியில் சோதனைகளைத் தாண்டி இறங்க வாய்ப்புண்டு. ஆகஸ்டு, செப்டம்பர் என்று தள்ளிப்போனால் அந்தப் பொங்கலுக்கு அவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து புள்ளி எழுதட்டும்.